திருநந்தவனத்துக் களைகளைதல்

சைவ நன்மக்கள் வீடுபேற்றுக்கு நெறியாகக் கொண்டொழுகும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது சரியை. முதற்கண் எண்ணப்பட்டமை பற்றியே அது தொடக்க நிலையினர்க்கு மட்டும் உரியதென்றும், சாத்திரம் ஓதி உணர்ந்தார் அதனைக் கடந்து விட்டவர் என்றும் கருதுவார் சிலர் உளர். இக்கருத்து நூல்நெறிக்கு ஒத்ததா என்பதைத் திருநந்தவனத்துக் களைகளைதல் என்னும் ஒரு தொண்டின்கண் வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணம் ஒன்று உண்டு. இந்நாளில் தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் அன்பர்கள் உழவாரப்பணிக் குழு என்னும் பெயரால் ஒன்றுகூடி, விடுமுறை நாட்களில் வண்டி அமர்த்திக்கொண்டு சிவாலயங்களுக்குச் சென்று, திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியும், நந்தவனத்துக் களையைப் பறித்தும் தொண்டு செய்து வருகின்றனர். அலுவலகத்திற் பணிபுரிவோர், கடை நடத்துவோர், கொத்தனார், கல்லூரி மாணவர், இல்லத்துப் பெண்டிர் ஆகிய பலரையும் ஆண்டுக் காணலாம். சித்தாந்த சாத்திரம் பயின்றாரைக் காண்டல் அரிதாயிருக்கின்றது. “புல் பறிப்பார் பலர்; பொருள் உரைப்பார் சிலர். அச்சிலர் தம் காலத்தைப் புல்லின்கண் கழித்தல் தகுமோ?” என்று கற்றார் ஒருவர் எம்மை வினவினார். வினா எளிதாய்த் தோன்றினும் விடை நம் நெறியின் உயிர்நிலையைத் தொடுவதாகும்.

முதலில் நூற்கருத்தைக் காண்பாம். சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தில் தாதமார்க்கம் விளக்கப்படும் இடத்து, திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல் முதலியவற்றோடு திருநந்தவனம் ஆக்குதலும் ஒரு பணியாக எண்ணப்படுகின்றது. அவ்வளவில் நில்லாது, சிவவேடம் உடையாரைக் கண்டவிடத்து ‘யான் செய்யவேண்டுவது யாது’ என்று கேட்டு, அவர் ஏவியதைச் செய்தலும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளது. எனவே கோயிற்பணியும் அடியார்பணியும் சரியையுள் ஒருங்கு நிற்பன என்பது தெளிவு.

இனி, ஞானம் பெற்றார்க்கும் இது வேண்டுமோ எனின், ஞானத்திற் சரியை என்னும் பகுப்பை எடுத்துக்காட்டுவாரும் உளர். அது கேட்டலைக் குறிப்பதாதலின் ஈண்டுத் துணையாகாது. துணையாவது சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமே. நூலின் இறுதிக்கண், திருவடி கூடும் முறையைப் பதினோராஞ் சூத்திரம் கூறி முடித்தபின், சீவன்முத்தர் ஒழுகும் ஒழுக்கமாக மெய்கண்ட தேவர் வைப்பன மூன்று: மலமாசு கழுவுதல், அன்பரோடு கலத்தல், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுதல். திருக்கோயில் முதற்படியிலே விட்டுப் போதற்குரியது என்பது ஆசிரியர் கருத்தாயின், அதனை நூலின் முடிவில் வையார். மாசு களைதல், அன்பர் கூட்டம், ஆலயம் ஆகிய இம்மூன்றும் ஒரே காலைப்பொழுதில் ஒருங்கு வாய்க்கும் இடம் யாது என நாடினால், அடியார் பலர் கூடிக் களையெடுக்கும் திருநந்தவனத்தை நாம் எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

இனிக் களை என்பது யாது என்று ஆராய்வாம். எச்செடிக்கும் பிறவியிலேயே களை என்னும் பெயர் அமைவதில்லை. நிற்கும் இடம் பற்றியே அப்பெயர் வந்து பொருந்துகின்றது. புன்செய்க் கொல்லையில் உழவன் பறித்து எறியும் தும்பை, நந்தவனத்திற் சிவபெருமானுக்கு உகந்த மலர். வயல் வரப்பில் ஓயாது தொல்லை தரும் அறுகு, மூத்த பிள்ளையாருக்கு அருச்சனைப் பொருள். பாழ்நிலத்து எருக்கும் ஊமத்தையும் இறைவன் திருமுடிக்கு ஏறுவன. ஆதலின் நந்தவனத்துட் புகுவோன் முதலிற் பெறவேண்டுவது பகுத்தறியும் அறிவு. கைவேகம் அதற்குப் பின்னதே. ஒரு கோயிலில் ஆர்வம் மிக்க இளைஞர் சிலர் தும்பைப் பாத்தி ஒன்றனை அரைமணி நேரத்துள் வெறுநிலம் ஆக்கிவிட்டதையும், நாள்தோறும் அம்மலர் கொய்து வந்த முதியவர் வாய்திறவாது நின்றதையும் யாம் கண்டேம். அவ்விளைஞர்பால் அன்பு குறைந்திலது. கேட்டுச் செய்யும் முறையே குறைந்தது. அடியாரைக் கேட்டுப் பணிசெய்க என்று சாத்திரம் விதித்ததன் பயன் இத்தகைய இடத்தே விளங்கும்.

களையாமென்று துணிந்தவற்றுள்ளும் பறிக்கும் முறை ஒன்றல்ல. கோரையின் உயிர் நிலத்தின்கீழ் மணி கோத்தாற்போலத் தொடர்ந்து கிடக்கும் கிழங்குகளில் உள்ளது. தாளை அறுத்தால் நிலம் தூய்மையாயிற்றுப் போலத் தோன்றும். சில நாட்களில் முன்னையினும் செழித்து எழும். கிழங்கைத் தோண்டி எடுத்தாலன்றி அது போகாது. அறுகு படர்ந்த இடத்துக் கணுதோறும் வேரூன்றும். துண்டித்து விட்ட ஒரு கணுவே புதிய அறுகாகும். நெருஞ்சியும் நாயுருவியும் நடப்பார் காலிலும் ஆடையிலும் தம் வித்தை ஒட்டி அனுப்புவன. 1950களில் இந்நாட்டில் வேரூன்றத் தொடங்கிய பார்த்தீனியம் அமெரிக்கப் பெருநிலத்துச் செடி. ஒரு செடியே ஆயிரக்கணக்கான வித்துக்களை உதிர்க்கும். தீண்டினார் சிலர்க்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தடையும் விளைக்கும். அதனைக் கையுறை அணிந்து, பூக்குமுன் வேரொடு பறித்தல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் பொதுவிதி இரண்டு: மண் ஈரமாயுள்ள காலத்துப் பறித்தல், வித்து முற்றுதற்கு முன் பறித்தல்.

சித்தாந்தம் பயின்றார் இவற்றைக் கண்டவிடத்து மும்மல இயல்பை நினையாதிரார். மேலே ஒன்றும் தோன்றாதிருக்கவும் கீழே கிடந்து மீள மீள எழும் கோரைக்கிழங்கு ஆணவத்தை நினைப்பிக்கும். வித்தின்வழிப் பெருகுவன வினைக்கு ஒப்பாகும். மண்ணுட் கிடக்கும் பழைய வித்து சஞ்சிதம். இன்று முளைத்து நிற்பது பிராரத்தம். இது முற்றி உதிர்க்கும் வித்து ஆகாமியம். இன்று முளைத்ததனை வித்து முற்றுமுன் பறித்தவன் வருகின்ற ஆண்டின் முளையைத் தடுத்தவனாவான். எனினும் பழைய வித்து எஞ்சி நிற்றலின், ஒருமுறை பறித்து ஓய்ந்திருத்தல் ஆகாது. ஓரிடத்துத் தடையாயும் ஓரிடத்து உதவியாயும் நிற்கும் அறுகும் தும்பையும் மாயையைப் போல்வன. தனு, கரண, புவன, போகங்கள் பொழுது புலருமளவும் விளக்குப் போல உதவுதலை நாம் அறிவோம்.

உவமை ஒருபுடையது என்பதை மறத்தல் கூடாது. களை காற்றாலும் காலாலும் வெளியினின்று வந்தது. ஆணவமோ செம்பிற் களிம்பு போலவும் நெல்லின் உமி போலவும் உயிரோடு அநாதியே உள்ளது. களையை வேரொடு போக்கலாம். ஆணவம் நித்தமாதலின் அதன் சத்தி மடங்குதலே அன்றி அழிதல் இல்லை. இவ்விரண்டிடத்தும் உவமை ஒவ்வாது. ஆயினும் ஓரிடத்து மிகப் பொருந்துகின்றது. நிலம் தன் களையைத் தானே பறித்துக்கொள்ள மாட்டாது. வேறொரு கை வந்து பறித்தல் வேண்டும். உயிரும் அன்னதே. அருளாகிய கை வந்து தீண்டினாலன்றித் தன் முயற்சியொன்றால் மலம் நீங்காது. குனிந்து புல் பறிக்கும் அன்பன் இதனைத் தன் விரலாற் கற்கின்றான்.

இனித் தனித்துச் செய்தற்கும் கூடிச் செய்தற்கும் வேறுபாடு யாதெனின், உலகியலிற் காணும் வேறுபாடு முதலில் ஒன்றுண்டு. மழைபெய்து மண் இளகிய சில நாட்களே களையெடுக்கத் தக்கன. பெரிய நந்தவனத்தில் ஒருவர் தனியே பறித்துக் கடைசிப் பாத்தியை அடையுமுன் முதற்பாத்தியிற் புல் மீண்டும் தலையெடுக்கும். முப்பதின்மர் வரிசையாய் அமர்ந்தாற் காலைப்பொழுதிலே முடியும். இதனினும் பெரியது ஆன்மலாபம். வரிசையில் அமர்ந்தார்க்கு உயர்வு தாழ்வு இல்லை. செடியை அறிந்த கொத்தனார் ஆசிரியராக, நூலை அறிந்த புலவர் மாணாக்கராக அமர நேர்கின்றது. பிறர் விட்டுச் சென்ற கிழங்கைப் பின்வருவோர் சொல்லாமலே தோண்டி எடுக்கின்றனர். என் வரிசை, உன் வரிசை என்னும் பேச்சு மெல்ல ஓய்கின்றது. அன்பரோடு கலத்தல் என்று ஏட்டிற் படித்ததற்கு இதனினும் எளிய விளக்கவுரை எமக்குத் தெரியவில்லை.

திருப்புகலூரை இங்கு நினைத்தல் தகும். அவ்வூரில் நாள்தோறும் பூக்களைக் கொய்து மாலை தொடுத்துச் சாத்திய முருக நாயனாரது திருமடத்தில், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் ஒருங்கு கூடியிருந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். அடியார் திருக்கூட்டம் கூடியது ஒரு மலர்த்தொண்டர் இல்லத்தில் என்பது கருதத்தக்கது.

அத்தலத்திலேயே நாவுக்கரசர் முதுமையில் திருமுற்றத்துப் புல்லை உழவாரத்தால் செதுக்கி வந்தார். 81 ஆண்டு வாழ்ந்தார் என்று மரபு கூறும் அப்பெரியார், தமிழகமெங்கும் தலந்தோறும் பதிகம் பாடி, அரசனால் வந்த துன்பங்களை எல்லாம் கடந்து, ஞானத்தின் முடிவில் நின்ற காலத்தும் உழவாரத்தைக் கீழே வைத்திலர். உழவாரம் பட்ட இடத்துப் பொன்னும் நவமணியும் தோன்ற, அவற்றையும் புல்லோடு ஒப்பவே வாரி வாவியில் எறிந்தார் என்பது வரலாறு. அதனைப் பற்றின்மைக்குச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். அதனோடு மற்றொரு கருத்தும் உளதென்று யாம் எண்ணுகின்றேம். களை என்பது இடம் பற்றியது என்றேம் அன்றோ? வழிபட வருவார் கால்வைக்கும் திருமுற்றத்திற் கிடக்கும் எதுவும், புல்லாயினும் பொன்னாயினும், அவ்விடத்திற்குக் களையே. தும்பையைக் களையென்று பறித்தவனும், பொன்னைக் களையல்ல என்று எடுத்துக்கொள்பவனும் ஒரே பிழையைச் செய்தவர் ஆவர். இருவரும் இடம் நோக்கிற்றிலர். நாவுக்கரசர் இடம் நோக்கினார். சாத்திரம் தரும் அறிவு கைக்கு இறங்கிய நிலை அது.

தொண்டிலும் களை முளைக்கும் என்பதை அன்பர்கள் உணர்தல் வேண்டும். பறித்த புல்லின் குவியல் முன் நின்று நிழற்படம் எடுத்துக் கைப்பேசியிற் பலர்க்கும் அனுப்புதல், பிறரை அழைத்தற்கு எனின் நன்று. தம்மைக் காட்டற்கு எனின் கோரைக்கிழங்கு உள்ளே கிடக்கின்றது. விரைவு கருதிக் கிளைபோசேட் முதலிய களைக்கொல்லிகளைத் தெளிப்பாரும் உளர். அவை இலைவழி இறங்கி வேர்வரை கொல்லும் என்பது மெய். ஆயின் பச்சை இலையிற் பட்டவிடத்துப் புல்லென்றும் நந்தியாவட்டை என்றும் வேறுபாடு அறியா. இறைவன் திருமேனியிற் சாத்தும் மலர் வளரும் மண்ணில் அவற்றை நாடாமையே நன்று. நந்தவனத்திற்கென்று பணியாளர் உள்ள இடத்து அவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்; அவர் ஊதியத்திற்கு இடையூறாகாமல் அவர்க்குத் துணையாகவே நம் பணி அமைதல் வேண்டும். விமானத்திலும் கோபுரத்திலும் வேர்விட்ட ஆல், அரசு ஆகியவற்றைத் தாமே பிடுங்க முற்படுதல் தகாது. வேர் கல்லின் பொருத்துக்களிற் புகுந்திருத்தலின், இழுத்தாற் கல்லும் அசையும். அது துறையறிந்தார்க்கு உரியது.

கூலி கொடுத்து ஆளமர்த்தினால் இதனினும் செவ்வையாக நடவாதோ எனின், நடக்கும், நடத்தவும் வேண்டும். பண்டைச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் திருநந்தவனப்புறம் என்று நிலம் விடப்பட்டதைக் கூறுதல், அப்பணிக்கு நிலையான பொருள் வேண்டும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தமையைக் காட்டும். கூலியாளரால் நந்தவனம் தூய்மை எய்தும். பறித்தவன் எய்தும் தூய்மையோ பறித்தவனுக்கே உரியது. அதனை மற்றொருவர் கையால் ஈட்டுதல் ஒல்லாது.

இன்று பல திருக்கோயில்களில் நந்தவனம் முட்புதர் ஆகிவிட, அருச்சனைக்கு வேண்டும் மலர் கடைத்தெருவினின்று வருகின்றது. இன்ன மலர் இன்ன காலத்துக்கு உரியதென்று அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அவரிடம் கேட்டறியும் காலம் நீண்டதன்று. ஆதலின் ஆதீனங்களையும் திருமடங்களையும் சார்ந்த அறிஞர்களை யாம் வேண்டிக்கொள்வது ஒன்றே: திங்கட்கு ஒருநாள், நும் ஊர்த் திருநந்தவனத்தில், பிற அன்பரோடு வரிசையில் அமர்ந்து களையெடுங்கள். கைகழுவியபின் அங்கேயே வில்வ நிழலிற் பன்னிரண்டாஞ் சூத்திரத்திற்குப் பொருள் உரையுங்கள். புல் பறித்தார் பொருள் உணர்வர். பொருள் உரைத்தார் புல்லினாற் பொருள் தெளிவர். ஞானியர்க்கும் உரிய தொண்டு இதுவென்பதற்கு நாவுக்கரசர் திருக்கையில் விளங்கும் உழவாரமே சான்றாக நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.