கடாரம் வென்ற சோழன் ஏன் திரும்பிப் போனான்?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்து வந்தோம். ராஜேந்திர சோழன் இவ்வளவு தூரம் கடல் கடந்து எதற்காக வந்தான்? வென்ற பிறகு இங்கே ஆட்சி அமைக்காதது ஏன்?
– தேயிலைத் தோட்ட வாசகி, தானா ராத்தா

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், சகோதரி. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவது தானே அவிழ்ந்துவிடும்.

நாடு பிடிக்க வந்தான் என்பார்கள் சிலர். சைவ, பௌத்தப் பகை என்பார்கள் வேறு சிலர். சமயப் பகைக்குச் சான்று இல்லை. கடாரத்தையும், அதாவது இன்றைய கெடாவையும், ஆண்ட சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர்கள், 1006ஆம் ஆண்டையொட்டி நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார்கள். ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் அறக்கொடையாக, வழங்கினான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்து உறுதிப்படுத்தியவனே ராஜேந்திரன்தான்.

பிறகு ஏன் பகை? அப்போது சீனாவை ஆண்ட சுங் அரசு கடல் வணிகத்தை ஊக்குவித்தது. 1015இல் சோழரின் தூதுக்குழு அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் போகும் வழியிலுள்ள மலாக்கா நீரிணை, அதாவது இரு நிலங்களுக்கு நடுவே ஒடுங்கிய கடல்வழி, ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தது. தன் துறைமுகத்தில் நிற்காமல் கடக்கும் கப்பலை அந்நாடு தாக்கும் என்று, இருநூறு ஆண்டுகள் கழித்து 1225இல், சீனக் கடல் வணிக அதிகாரி ஜாவ் ருகுவா எழுதுகிறார். உங்கள் ஊர்க் காய்கறி இறங்க தாப்பா சாலை ஒன்றுதான் உண்டு, அதை மறித்து ஒருவர் எல்லாச் சுமையையும் தம் கடையில் இறக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழ வணிகரின் நிலையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

1025இல் படை புறப்பட்டது. தஞ்சைக் கல்வெட்டிலுள்ள மெய்க்கீர்த்தி, அதாவது மன்னனின் வெற்றிகளைச் சொல்லும் முன்னுரை, வென்ற இடங்களை அடுக்குகிறது: சுமத்ராவில் ஸ்ரீவிஜயம், பண்ணை, வட முனையில் இலாமுரி, இக்கரையில் கடாரம், வழியில் நக்கவாரம் என்னும் நிக்கோபார். வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், நீரிணையின் வாயிலும் இரு கரையும் தெரியும்.

போருக்கான காரணத்தை மெய்க்கீர்த்தி சொல்வதில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, வணிகத் தடையோடு திக்விஜய ஆசையையும், அதாவது எத்திசையும் வெல்லும் வேட்கையையும், காரணமாக எண்ணினார். தான்சென் சென் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் சீன வணிகப் போட்டிக்கே அழுத்தம் தருகிறார்கள். எனக்கும் அதுவே பொருந்துவதாகத் தெரிகிறது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. வழியைத் திறக்க வந்தவர்களுக்கு நிலத்தை ஆள வேண்டிய தேவை இல்லை. பின்னர் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் கடாரத்தை மறுபடி வென்றபோதும், தன்னைப் பணிந்த மன்னனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. ஆட்சி அமைக்காமலே தொடர்பு நீடித்தது: 1077இல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனா சென்றது. 1088இல் சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு நாட்டினார்கள். இந்தக் கடலில் தமிழர் நிலைத்த கதையை அரசர்களின் வெற்றிகளைவிட இத்தகைய வணிகர் கல்வெட்டுகளே தெளிவாகச் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றையும் அறிமுகப்படுத்துங்கள்.