ராஜா வரைஞ்ச படம்

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் வீட்டில் ஒரு கேள்வி கிடைத்திருக்கும்: "படம் வரைஞ்சா சோறு போடுமா?" சரி, சோற்றுக்குக் கவலையே இல்லாதவங்க படம் வரைஞ்சா? அரண்மனையில் பிறந்து, ஆசைக்காகத் தூரிகை பிடித்தவர்கள் வரலாற்றில் நிறைய பேர் உண்டு. இந்த மாதப் பாடம் அவர்களைப் பற்றி.

முதல் ஆளைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பம்மல் தாண்டினா பல்லாவரம். அங்கே மலைச்சரிவில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த ஒரு குடைவரை இருக்கிறது. (பல காலமாக அது தர்காவாக இருந்து வருகிறது. பார்க்கப் போறவங்க செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டு உள்ளே போங்க.) மகேந்திரவர்மன் ஏறக்குறைய கி.பி. 590 முதல் 630 வரை காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவ அரசன். தன் பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டி வைப்பதில் அவனுக்கு அலாதிப் பிரியம். பல்லாவரம் குடைவரையிலும் அப்படி வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று அவனுக்குப் பட்டங்கள் ஏராளம். அவற்றில் நமக்கு வேண்டியது ஒன்று: சித்திரகாரப்புலி.

ஓவியர்களுக்குள் புலி என்று அர்த்தம். "அவன் கணக்குல புலிடா" என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அதே புலி! பதினான்கு நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பேச்சு மாறவில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாமண்டூர் என்று ஓர் ஊர். (செங்கல்பட்டு தாண்டி, பஸ் நின்று டீ குடிக்கிற மாமண்டூர் இல்லை. இது வேறு.) அங்குள்ள குடைவரையில் சிதைந்துபோன ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் 'தட்சிணசித்திரம்' என்ற பெயர் வருகிறது. ஓவியக்கலை பற்றிய நூல் அது, அதற்கு மகேந்திரவர்மன் உரை செய்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ராவுக்கு நம்மில் சிலர் சுற்றுலா போயிருப்போம். அந்தப் பெயர் எவ்வளவு பழசு, பார்த்தீங்களா!

ஆனால் ஒரு சிக்கல். புலி வரைந்தது என்று கை காட்டிச் சொல்ல ஒரு படம்கூட இன்றைக்கு நம்மிடம் இல்லை. மாமண்டூரில் வண்ணத்தின் தடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய வண்ணம் மழை, ஈரம், வௌவால், புகை எல்லாவற்றையும் தாங்க வேண்டும். கல்லில் வெட்டிய எழுத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் பட்டம் தங்கிவிட்டது, படம் போய்விட்டது. அவன் நிஜமாகவே நல்ல ஓவியனா, இல்லை அரசன் என்பதால் எல்லோரும் தலையாட்டினார்களா? படம் இல்லாமல் எப்படித் தீர்ப்பு சொல்வது? ஆனால் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அவனுடைய நகைச்சுவை நாடகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. குடிகாரத் துறவியையும் போலிச் சாமியாரையும் அதில் போட்டு வாங்கியிருக்கிறான். அதைப் படித்தால், வெறும் பெருமைக்குப் பட்டம் போட்டுக்கொண்ட ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்மன் காலத்தவை என்று சில பழைய புத்தகங்களில் இருக்கும். பிறகு அங்கே கிடைத்த கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. இப்போது அங்கே தெரியும் ஓவியங்கள் அந்தக் காலத்தவை என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

படம் கிடைத்த ராஜகுடும்பத்துக்கு வருவோம். ரவிவர்மா என்றதும் "தெரியுமே, ராஜா ரவிவர்மா!" என்பீர்கள். அவர் எந்த நாட்டுக்கும் ராஜா இல்லை. கேரளத்தில் கிளிமானூர் அரண்மனையில் 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட குடும்பம் அது. (அவருடைய பேத்திகள் இருவரை 1900ல் திருவிதாங்கூர் அரண்மனை தத்து எடுத்தது. அந்த வழியில் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் இவருக்குக் கொள்ளுப்பேரன். தாத்தா ராஜா இல்லை, கொள்ளுப்பேரன் ராஜா!)

அந்த வீட்டில் முதலில் தூரிகை பிடித்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. ஆசைக்காக வரைந்தவர். தஞ்சாவூர் பாணி ஓவியம் பழகியவர். மருமகன் சுவரில் கரியால் கிறுக்கியபோது அடிக்காமல் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். பதினான்கு வயதில் ரவிவர்மாவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் விட்டார். அங்கே அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர், மதுரைப் பக்கத்துக்காரர். ஆயில் பெயின்டிங் ரகசியத்தை அவர் பையனுக்குச் சொல்லித் தரவில்லையாம். 1868ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா. எண்ணெயில் குழைத்த வண்ணம் சீக்கிரம் காயாது. அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு மெதுவாகக் கலந்து, தோலின் மினுமினுப்பையும் பட்டுச் சரிகையின் பளபளப்பையும் கொண்டுவர முடியும். நம்ம வாட்டர் கலரில் அதைச் செய்து பாருங்க, சிரமம் புரியும்.

மாமா எல்லை தாண்டவில்லை, மருமகன் தாண்டினார். 1870ல் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் குடும்பத்தை வரைந்து அதற்குப் பணம் வாங்கினார். இன்றைக்கு இது சாதாரண விஷயம். அந்தக் காலத்து அரண்மனைக்காரர்களுக்கு, வரைவது கௌரவம், கூலிக்கு வரைவது இழுக்கு. நம்ம வீட்டில் காசு வராது என்று தடுக்கிறார்கள், அங்கே காசு வாங்கலாமா என்று முகம் சுளித்திருக்கிறார்கள்! 1873ல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் ஓவியத்துக்கு கவர்னரின் தங்கப் பதக்கம். படம் கேட்டு வந்த கடிதங்களுக்காகவே கிளிமானூரில் தபால் ஆபீஸ் திறந்தார்கள் என்று சொல்வார்கள். 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தார். நம்ம வீட்டுச் சாமி காலண்டர் அந்த வழியில் வந்ததுதான்.

தம்பி சி. ராஜராஜ வர்மா இயற்கைக் காட்சி வரைவதில் கெட்டிக்காரர். அண்ணன் போன ஊருக்கெல்லாம் கூடப் போய் டைரி எழுதினார். தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியர்தான். அண்ணனை அவர் வரைந்த படம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. அதன் முன் நின்றால் அண்ணனுக்குச் சளைத்த கை என்று சொல்ல மனசு வராது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதும், கண்காட்சிக்கு அனுப்புவதும் அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிக்குத்தான் வாய்த்தது. ஒரே வீடு, ஒரே மாமா, ஒரே வண்ணப்பெட்டி. தங்கையின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"ராஜா வீட்டுப் படம், அதனால் பாராட்டுகிறார்கள்" என்ற சந்தேகம் வரைந்தவர்களுக்கே வந்திருக்கிறது. இங்கிலாந்தின் சார்லஸ், இளவரசராக இருந்தபோது, 1987ல் லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்கு ஒரு நீர்வண்ண ஓவியம் அனுப்பினார். பெயர் ஆர்தர் ஜார்ஜ் கேரிக் என்று போட்டார். யாருடையது என்று தெரியாமலே தேர்வு செய்தார்கள். டென்மார்க்கின் மார்கரெத்தே 1972 முதல் 2024 வரை அரசியாக இருந்தவர். டோல்கீன் எழுதிய மோதிரக் கதைக்கு அவர் வரைந்த படங்கள் 1977ல் வெளியானபோது, புத்தகத்தில் இருந்த பெயர் இங்காஹில்ட் கிராத்மர். மகேந்திரவர்மன் பெயரைப் பாறையில் வெட்டினான், இவர்கள் பெயரை மறைத்தார்கள். பின்னது கொஞ்சம் தைரியமான காரியம் என்பது என் கருத்து.

பெயரே போடாத இடம் ஒன்றும் உண்டு, அது நம்ம அனகாபுத்தூர். இங்கே தறியில் நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் துணி கப்பலேறி நைஜீரியா வரை போனது. இப்போது வாழை நாரிலும் புடவை நெய்கிறார்கள். பாவில் எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை நீலம், ஊடையில் எந்த நிறம் என்று மனசுக்குள் படம் வரையாமல் ஒரு கட்டம்கூட விழாது. அப்படி எத்தனை கட்டங்களைக் கண்டுபிடித்திருப்பார்கள்! ஒன்றின் ஓரத்திலும் நெய்தவர் பெயர் கிடையாது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தறியில் உட்கார்ந்தவர் என்றால், அவர் போட்ட ஒரு கட்டத்தைக் கேட்டு, நிறத்தோடு வரைந்து, அவர் பெயரை எழுதிக் கொடுங்க. ஒட்டுவோம்.

மற்ற படங்களுக்கு ஒரு புது ஏற்பாடு. அடுத்த மாதம் ஓவியப் பக்கத்தில் எல்லாப் படங்களையும் பெயர் இல்லாமல் ஒட்டப் போகிறோம். பெயரும் வகுப்பும் பின்பக்கம் பென்சிலில் இருக்கட்டும். பிடித்த படத்தின் எண்ணைச் சீட்டில் எழுதி, பலகைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்க. எண்ணி முடித்த பிறகுதான் திருப்பிப் பார்ப்போம்.