ரிஜிஸ்டர் நிஜமாவே மாறுச்சா?

ஜிடிபி-யில் ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டருக்கு 5 கொடுக்கிறீங்க. அந்த நொடியே ப்ராசஸரில் 5 போய் உட்காருமா? உட்காராது.

2008-ல் லினக்ஸ் 2.6.26-ல் சேர்ந்த கேஜிடிபி-யைப் பார்ப்போம். பிரேக்பாயிண்டில் நின்றதும், ரிஜிஸ்டர் மதிப்புகள் ஸ்டாக்கில் பிடி_ரெக்ஸ் என்ற ஸ்ட்ரக்சரில் சேமிக்கப்படும். இப்போ சிபியு-வில் ஓடுறது டிபக்கரோட கோடு.

ஜிடிபி அனுப்புற புது மதிப்பு முதலில் ஒரு பஃபருக்கு வரும். அங்கிருந்து பிடி_ரெக்ஸுக்கு காப்பி ஆகணும். கண்டின்யூ கொடுத்ததும் அதிலிருந்துதான் சிபியு-வுக்குத் திரும்ப ஏறும். டிபக்கரை எழுதினவர் அந்த காப்பியை விட்டுட்டா, 'ஓகே' வரும், மதிப்பு மாறாது. நீங்க கெர்னலில் இல்லாத பிழையைத் தேடிக்கிட்டு இருப்பீங்க.

அடுத்து, தூங்குற வேறொரு த்ரெட்டைத் தேர்ந்தெடுத்துட்டு எழுதினா? கையில் இருக்கிற பிடி_ரெக்ஸ், நின்ற த்ரெட்டோடது. அதில் எழுதினா தப்பான த்ரெட் கெடும். அதனால் கேஜிடிபி எழுதாமல் எரர் திருப்பும். பொய்யான 'ஓகே'-வை விட அதுவே மேல்.

சோதிக்க எளிய வழி: மதிப்பை மாத்துங்க, அந்த ரிஜிஸ்டரைத் தொடாத ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை ஸ்டெப் பண்ணுங்க, திரும்பப் படிங்க. அப்பவும் 5 இருந்தா, எழுதினது நிஜம்.