ஐம்பதைத் தாண்டிய வணிகர்களே, சிறுநீர்த் தொல்லையை மறைக்காதீர்கள்!

சங்கக் கூட்டத்துக்கு வரும் நம் வணிகர்கள் சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் தாராளமாகப் பேசிக்கொள்வார்கள். யாருக்கு எவ்வளவு சர்க்கரை, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், "இரவில் நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறேன்" என்று சொல்ல மட்டும் கூச்சம். வயதானால் அப்படித்தான் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் இது புற்றுநோய்தான் என்று பயந்து, அந்தப் பயத்தாலேயே டாக்டரிடம் போகாமல் இருக்கிறார்கள். இரண்டு எண்ணமும் தவறு. ஏன் தவறு என்று தெரிந்துகொள்ள, முதலில் புராஸ்டேட் சுரப்பி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுரப்பியும் அதன் இருப்பிடமும்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. விந்துவில் சேரும் நீர்மத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. வாலிப வயதில் ஒரு அக்ரூட் கொட்டை அளவில், சுமார் 20 கிராம் எடையில் இருக்கும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீர்க்குழாய் இந்தச் சுரப்பியின் நடுவில் புகுந்துதான் வெளியே வர வேண்டும். தொல்லைக்கெல்லாம் காரணம் இந்த அமைப்புதான்.

சுரப்பியை ஒரு ஆரஞ்சுப் பழமாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுற்றியுள்ள உட்பகுதி சுளை, வெளிப்பகுதி தோல். வயதாக ஆக வீங்குவது சுளைப் பகுதி. அது வீங்கினால் நடுவில் உள்ள குழாய் நெருக்கப்படும், சிறுநீர் தடைப்படும். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது தோல் பகுதியில், அதிலும் பின்புறத்தில். அது குழாயை விட்டுத் தள்ளி இருப்பதால் ஆரம்பத்தில் எந்தத் தொல்லையும் தராது. ஆகவே, சிறுநீர்த் தொல்லை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது சாதாரண வீக்கமே. ஆனால் தொல்லையே இல்லாதவருக்குப் புற்று இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. வீக்கம் முற்றிப் புற்றாக மாறுவதில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒருவருக்கே இரண்டும் இருக்கவும் கூடும்.

வீக்கத்தின் அறிகுறிகள்

ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த வீக்கம் ஏற்பட்டிருக்கும். எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. 80 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு. 35 கிராமில் அவதிப்படுபவரும் உண்டு.

டாக்டர்கள் ஏழு கேள்விகள் கேட்பார்கள். போய் வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோல் தோன்றுகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா? நடுவில் நின்று நின்று வருகிறதா? வந்தால் அடக்க முடியவில்லையா? தாரை மெலிந்துவிட்டதா? முக்க வேண்டியிருக்கிறதா? இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 7 வரை லேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் 35 வரை கடுமையானது. இந்தக் கணக்கை நீங்களே போட்டு, சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுத்தால் வாயால் சொல்லும் கூச்சம் பாதி குறையும்.

நம் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் கடை திறந்தால் கல்லாவை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. பல மார்க்கெட்டுகளில் ஒழுங்கான கழிப்பிடமும் கிடையாது. அதனால் பகலில் தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டு, இரவு கடை சாத்திய பிறகு சொம்பு சொம்பாகக் குடிக்கிறோம். பிறகு இரவில் எழாமல் என்ன செய்வது? பகலில் பரவலாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்தி, மாலைக்கு மேல் டீ காபியைக் குறைத்தாலே லேசான தொல்லை பலருக்குக் குறைந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தாலும் அடிக்கடி போகும். அதனால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

சளி மாத்திரையால் வரும் ஆபத்து

வீக்கம் உள்ளவருக்கு ஒருநாள் திடீரென்று ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொள்ளலாம். அடிவயிறு கல் போலாகும். வலி தாங்க முடியாது. 'கதீட்டர்' என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தித்தான் வெளியேற்ற வேண்டும். எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சோம்புத் தண்ணீரும் நீர்முள்ளிக் கஷாயமும் குடித்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல. ஏற்கெனவே நிரம்பிய பையில் மேலும் நீர் சேர்ப்பதுதான் மிச்சம்.

இந்த அடைப்பை வரவழைப்பவற்றில் ஒன்று சாதாரணச் சளி மாத்திரை. மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின், ஒழுகலுக்கான குளோர்ஃபெனிரமின் ஆகியவை பல ஜலதோஷ மாத்திரைகளில் கலந்திருக்கின்றன. முதல் இரண்டும் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். மூன்றாவது பையின் சுருங்கும் சக்தியைக் குறைக்கும். தும்மல் வந்ததும் பக்கத்துக் கடையில் அட்டையைக் கிழித்து இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் விட்டுவிடுவது நல்லது.

வலியே இல்லாத அடைப்பும் உண்டு. அதுதான் மோசம். பை எப்போதும் நிரம்பியே இருந்து, மேலே வழிவது மட்டும் சொட்டுச் சொட்டாக வரும். சிலருக்குத் தூக்கத்தில் படுக்கை நனையும். பின்னழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டே இருக்கும். வயதான அப்பா படுக்கையை நனைக்கிறார் என்றால் முதுமை என்று விட்டுவிடாமல், ஸ்கேன் எடுத்து, இரத்தத்தில் கிரியேட்டினின் பாருங்கள்.

மருந்தும் அறுவையும்

மருந்து இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்தி வழி விடுபவை. சில நாட்களிலேயே குணம் தெரியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை அறுவை செய்துகொள்வதானால் இம்மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சுரப்பியையே சுருங்க வைக்கும் ஃபினாஸ்டிரைடு வகை. இதன் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. கரீபியன் கடலில் உள்ள டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண் குழந்தைகளைப் போலத் தோன்றி, பருவம் வந்ததும் ஆண்களாக மாறிய சிலரை ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆண் சுரப்பு நீரை மேலும் வீரியமாக மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குக் குறைவு. வளர்ந்த பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுத்தால் வீக்கத்தைக் குறைக்கலாமே என்ற யோசனையில் உருவான மருந்து இது. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும். நம்மவர்கள் ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, பலன் இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள்! 3,047 பேரை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரு வகையையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது 66 சதவீதம் குறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது 39, 34 சதவீதம்தான்.

மருந்துக்கு அடங்காவிட்டால், அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், கல் சேர்ந்தால், சிறுநீரகம் பாதித்தால் அறுவை தேவை. வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுளைப் பகுதியை மட்டும் மின்சாரத்தாலோ லேசராலோ எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு விந்து பலருக்கு வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். ஆபத்தில்லை என்றாலும், முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தோல் பகுதி உள்ளேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புராஸ்டேட்டை எடுத்தாயிற்று, இனிப் புற்று வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாம்.

புற்றுநோயைக் கண்டுபிடிப்பது

மலக்குடல் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு நம்மவர்கள் மிகவும் கூசுகிறார்கள். அரை நிமிட வேலை. புற்று தொடங்கும் பின்புறத் தோல் பகுதிதான் விரலுக்கு எட்டும். கல் போன்ற கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால், இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை என்பது பி.எஸ்.ஏ. 4 நானோகிராமுக்கு மேல் என்றால் சந்தேகம் என்பது பழைய கணக்கு. ஆனால் சாதாரண வீக்கத்திலும் இது கூடும். சிறுநீர்த் தொற்று, நீரடைப்பு, கதீட்டர் போட்டது எல்லாம் கூட்டிவிடும். தொற்று ஆறி ஆறு வாரம் கழித்தே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்தியமும் நீண்ட தூர சைக்கிள் மிதிப்பும் வேண்டாம். ஃபினாஸ்டிரைடு சாப்பிடுபவருக்கு இந்த எண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். லேப்காரருக்கு இது தெரியாது. நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செக்கப் பேக்கேஜில் சேர்ந்து வரும் இந்தப் பரிசோதனையை யோசிக்காமல் எடுத்துவிட்டு, எண் கூடியதும் தூக்கத்தைத் தொலைப்பது தேவையில்லை. 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் லாப நஷ்டத்தை டாக்டரோடு பேசிவிட்டு எடுப்பதே முறை என்று அமெரிக்க நிபுணர் குழு 2018-ல் சொன்னது. எண் கூடியிருந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு எம்.ஆர்.ஐ.; தேவையானால் ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சைக் கேட்டு இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

புற்று என்று தெரிந்தால்

எல்லாப் புற்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதன் குணத்தைக் கிளீசன் எண்ணால் சொல்வார்கள். 6 என்றால் சாதுவானது. 8-க்கு மேல் முரட்டுத்தனமானது. சாதுவானதற்குப் பெரும்பாலும் உடனடியாக எதுவும் செய்யாமல், குறித்த காலத்தில் பரிசோதித்துக் கண்காணிப்பதே இன்றைய வழக்கம். பிரிட்டனில், புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-ல் வந்தது. இந்நோயால் இறந்தவர்கள் 2.7 சதவீதம் பேர்; மூன்று பிரிவிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் வேறிடம் பரவியது. மற்றவர்களில் அது சுமார் 5 சதவீதம். அறுவையிலும் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற விலை உண்டு. ஆகவே பதறாமல் இன்னொரு டாக்டரையும் கேட்டு முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது.

முரட்டுப் புற்று எலும்புக்குப் போகும். முக்கியமாக முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும். இதில்தான் நம் வியாபாரிகள் ஏமாந்துபோகிறார்கள். மூட்டை தூக்கினேன், பிடித்துக்கொண்டது என்று மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பார்கள். மூட்டை தூக்கிய வலி படுத்து ஓய்ந்தால் பெரும்பாலும் தணியும். படுத்தாலும் குறையாத, இரவில் எழுப்பிவிடும் முதுகுவலி ஐம்பதுக்கு மேல் வந்தால் பரிசோதனை தேவை. அதோடு கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதம் நடையையே பறித்துவிடும்.

பரவிய நிலையிலும் வைத்தியம் உண்டு. ஆண் சுரப்பு நீரை நிறுத்தினால் இந்தப் புற்று வாடும் என்று 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். விதைகளை நீக்கும் சிறிய அறுவையாலோ, தொடர்ந்து போடும் ஊசிகளாலோ அதையே இன்றும் செய்கிறார்கள். அறுவைக்கு ஒரே முறை செலவு. ஊசிக்குத் தொடர் செலவு. இப்போது அபிராடிரோன் போன்ற மாத்திரைகளும் சேர்ந்திருப்பதால், பல ஆண்டுகள் கடைக்கு வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் தம்பிகள் கூட்டாகக் கடை நடத்தும் குடும்பங்கள் நம்மில் அதிகம். ஒருவருக்கு இந்தப் புற்று வந்தால் உடன்பிறந்தவருக்கும் மகனுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் இரு மடங்கு. அவர்கள் 55 வரை காத்திருக்காமல் 45 வயதிலேயே டாக்டரிடம் பேச வேண்டும். அதற்கு நோய் வந்தவர் வீட்டில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.