மாதவிடாய் நாட்களைக் கணக்கிடுவது மார்க்கக் கடமையோடு சேர்ந்தது



அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! இதையெல்லாம் மிம்பரில் பேசலாமா என்று சிலர் தயங்குவார்கள். அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதே, மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகத்தான். ஆகவே தகப்பன்மார்களும் கணவன்மார்களும் சேர்ந்தே கேளுங்கள்.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு உதிரப்போக்கு நிற்கவேயில்லை. தொழுகையை விட்டுவிடலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது. வழக்கமான மாதவிடாய் நாட்களின் அளவுக்குத் தொழுகையை விட்டு, பிறகு குளித்துத் தொழ வேண்டும் என்று நபியவர்கள் விளக்கினார்கள் (புகாரி). தன் வழக்கம் எத்தனை நாள் என்று அறிந்த பெண்ணுக்கே இந்தப் பதில் பயன்படும், கவனித்தீர்களா?

ஷாஃபிஈ மத்ஹபில் மாதவிடாய் குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், அதிகம் 15 நாட்கள். ஹனஃபியில் 3 முதல் 10 நாட்கள். இரண்டிலும் இடைப்பட்ட சுத்த காலம் குறைந்தது 15 நாட்கள். ஓர் உதாரணம்: ஹனஃபி சகோதரி ஒருவருக்கு வழக்கம் 6 நாள். இம்மாதம் 12ஆம் நாளும் இரத்தம் காண்கிறார். பத்தைத் தாண்டிவிட்டதால், 7ஆம் நாளிலிருந்து வந்தது இஸ்திஹாளா. அந்நாட்களில் விட்ட தொழுகைகளை அவர் களாச் செய்ய வேண்டும். போன மாதக் குறிப்பு இல்லையென்றால் எதை வைத்து முடிவு செய்வார்?

இத்தாவும் அப்படித்தான். அதைக் கணக்கிடும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (65:1).

இனி குழந்தைப்பேறு. கருமுட்டை வெளிப்படுவது மாதவிடாய் தொடங்கிய 14ஆம் நாள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன்பு. 28 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாளாக அமையும். 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாளை ஒட்டி வரும். முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும், விந்தணு 5 நாட்கள் வரை இருக்கலாம். ஆக மாதத்தில் சுமார் 6 நாட்களே கருத்தரிக்கும் வாய்ப்பு.

இப்போது நம் ஊர் நிலையைப் பாருங்கள். கணவர் வளைகுடாவிலிருந்து 30 நாள் விடுப்பில் வருகிறார். விருந்தும் பயணமுமாக அந்த ஆறு நாள் கடந்துவிடுகிறது. இப்படி இரண்டு விடுப்பு முடிந்ததும் மாமியார் வீட்டில் "மலடி" என்கிறார்கள், மறுமணப் பேச்சு எழுகிறது! சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால்தான் மருத்துவர்கள் அதைக் குறைபாடாகக் கருதிப் பரிசோதிப்பார்கள். மனைவிக்கு 35 வயதாகியிருந்தால் ஆறு மாதம். விடுப்பு நாட்களைக் கூட்டிப் பாருங்கள், ஓராண்டு ஆகிறதா? பரிசோதனை கணவருக்கும் உண்டு. குறை ஆணிடமும் இருக்கலாம். பிள்ளை தருவதும் தராதிருப்பதும் தன் நாட்டப்படியே என்று அல்லாஹ் கூறுவதில் (42:49, 50) மருமகளைப் பழிக்க எங்கே இடம்?

தொடங்கிய நாளையும் சுத்தமான நாளையும் நாட்காட்டியிலோ கைப்பேசியிலோ குறியுங்கள். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் அந்தக் குறிப்போடு செல்லுங்கள். கருத்தரிப்பைத் தள்ளிப்போட மட்டும் இந்தக் கணக்கை நம்பியிருக்க வேண்டாம். ஒழுங்கான சுழற்சியும் சில மாதம் முன்பின் ஆகும்.