வெள்ளம் வடிந்தால் வேலை முடிந்ததா?

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னையின் டீக்கடைகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் மழை பற்றிய சில கருத்துகள் அடித்துப் பேசப்படும். அவற்றில் நான்கைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: புயல் கூண்டின் எண் ஏற ஏற, நமக்கு ஆபத்தும் ஏறுகிறது.

உண்மை: துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கானது. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயத்தைக் குறிப்பவைதான். துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் புயல் கடக்கும், துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. ஊருக்குள் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வானிலை மையத்தின் நிற எச்சரிக்கையை. ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டக்கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. மூழ்கியதோ வேளச்சேரியும் பள்ளிக்கரணையும்.

நம்பிக்கை 2: 2015 வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் ஒரே காரணம்.

உண்மை: இது பாதி உண்மை. அந்த டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த முடிவை மத்தியத் தணிக்கை அறிக்கையும் கடுமையாகக் குறை கூறியது. ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறப்பதில்லை. ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் தொடங்கும் ஆற்றில், செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் திருநீர்மலை அருகேதான் வந்து சேர்கிறது. அதற்கு மேலே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின? தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை, வழிநெடுக ஏரிகள் நிரம்பி வழிந்தன. பழியை ஒரு மதகின்மேல் போட்டுவிட்டால், மற்ற ஏரிகளையும் வரத்துக்கால்களையும் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

நம்பிக்கை 3: தெருவுக்குத் தெரு வடிகால் கட்டிவிட்டால் வெள்ளமே வராது.

உண்மை: மழைநீர் வடிகால் தண்ணீரைக் கடத்தும், அவ்வளவுதான். தெருவிலிருந்து ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாய் போன்றவற்றுக்கும், அங்கிருந்து ஆறுகள், முகத்துவாரங்கள் வழியாகக் கடலுக்கும் அது போய்ச் சேர வேண்டும். மிக்ஜாமின்போது கொந்தளித்த கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை. ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அப்படியே இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான்; 2022-இல்தான் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சாலையோரத்து இரும்புச் சல்லடையைக் குனிந்து பாருங்கள்: நாலு பிளாஸ்டிக் கவர், ஒரு இளநீர் மட்டை, அவற்றின்மேல் படிந்த மண். உள்ளே எத்தனை கோடி ரூபாய் வடிகால் இருந்தாலும் தண்ணீர் தெருவிலேயே நிற்க இதுவே போதும். தூர்வாரும் வேலை கோடையில் நடந்தாக வேண்டும். மழை தொடங்கிய பிறகு வாரும் சேறு ஓரத்திலேயே கிடந்து மறுபடி உள்ளேதான் போகும்.

நம்பிக்கை 4: தண்ணீர் வடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

உண்மை: மாநகராட்சியின் நீண்ட வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வெள்ளம் புகுந்த சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும். இறைத்துக் கழுவி, குளோரின் போடாமல் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. எலிக்காய்ச்சலும் டெங்குவும் தலைகாட்டுவது அடுத்த வாரங்களில். தெருவெங்கும் ஊறிக் கிடக்கும் மெத்தைகளை அள்ள வேண்டும், மருத்துவ முகாம் போட வேண்டும். பட்டா, மதிப்பெண் சான்றிதழ், ரேஷன் கார்டு போனவர்களுக்கு நகல் கிடைக்க வேண்டும். 2015-இல் இதற்கென்றே சிறப்பு முகாம்கள் நடந்தன.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-லிருந்தே உள்ளாட்சிகளுக்கும் இதில் பொறுப்பு வைத்திருக்கிறது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் தனி ஆணையம் அமைக்க 2025 திருத்தம் வழிசெய்திருக்கிறது. ஆணையம் வரட்டும். முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் போடுவதைவிட, சித்திரை வெயிலிலேயே பகுதி சபைக்குப் போய்க் கவுன்சிலரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கள் தெரு வடிகாலைத் தூர்வாரியாச்சா? அது எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது?