வேலையில் சும்மா இருத்தல்: 14 ஆண்டுகளும் 135 நிமிடங்களும்



சென்ற மாதம் ஆலய மண்டபத்தில் நடந்த இளையோர் வகுப்பில், அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து, "அங்கிள், வேலையிடத்தில ஒண்டும் செய்யாமல் இருந்தா எவ்வளவு காலத்தில பிடிபடுவம்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சபையில் சொல்லத்தான் துணிவு வரவில்லை. ஆகவே இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

சமயத்தில் சும்மா இருத்தல் என்பது பெரியோர்கள் தவமிருந்து அடைந்த நிலை. நான் எழுதப்போவது மேசையும் கணினியும் மாதச் சம்பளமும் உள்ள சும்மா இருத்தலைப் பற்றி. ஊரில் இதற்கு நாம் வைத்த பெயர் வேலைக்கள்ளம். அந்தச் சொல்லில் கள்ளத்தைச் சேர்த்தவர் யாரோ, அவர் கணக்குத் தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

பிள்ளையின் கேள்விக்கு இந்த நாட்டிலேயே ஒரு பதில் உண்டு: 14 ஆண்டுகள். ஹம் நகருக்குத் தெற்கே, சவர்லாண்ட் மலைகள் தொடங்கும் பக்கத்தில், மென்டன் என்ற சிறு நகரம் இருக்கிறது. அந்நகர நில அளவைப் பகுதியில் 38 ஆண்டுகள் பணியாற்றிய ஓர் ஊழியர் 2012ஆம் ஆண்டு, 65 வயதில் ஓய்வு பெற்றார். கடைசி வேலைநாளில் சக ஊழியர் சுமார் 500 பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 1998 முதல் தாம் கதிரையில் இருந்தாரே தவிர வேலையில் இருக்கவில்லை என்றும், அக்காலத்தில் பெற்ற சம்பளம் 745,000 யூரோ என்றும், ஆகவே ஓய்வு வாழ்க்கைக்கு நல்ல பயிற்சியுடன் போவதாகவும் அதில் எழுதியிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையான வெஸ்ற்ஃபாலன்போஸ்ற் அதை வெளியிட, வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எடுத்து எழுதின.

கணக்காளன் என்றபடியால் நான் உடனே பிரித்துப் பார்த்தேன். 14 ஆண்டுகள் என்றால் 168 மாதங்கள். மாதம் ஏறத்தாழ 4,430 யூரோ. அத்தனை முறை யாரோ ஒருவர் அந்தச் சம்பளத் துண்டை அச்சிட்டிருக்கிறார், வேறொருவர் வங்கிக்கு அனுப்பியிருக்கிறார். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பதவிக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மனிதர் ஒளிந்திருக்கவில்லை. எல்லாப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

அவரைப் பஞ்சி பிடித்தவர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடவும் முடியாது. நிர்வாகம் ஒரே வேலைக்கு இரண்டு ஏற்பாடுகளை உண்டாக்கி, தமது வேலையைச் செய்ய இன்னொரு அளவையாளரையும் வைத்தது என்பது அவர் முறைப்பாடு. தமது உழைப்பைத் தாம் எப்போதும் கொடுக்கத் தயாராகவே இருந்ததாகவும், அவர்கள் அதை எடுக்காவிட்டால் அது தமது பிழை அல்ல என்றும் பின்னர் சொன்னார். நகர மேயருக்கு நல்ல கோபம். இத்தனை ஆண்டுகளில் இந்த மனிதர் ஒருநாளும் முறைப்பாடு செய்ததில்லை என்றார் அவர். இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது.

ஸ்பெயின் நாட்டின் காடிஸ் நகரில் இதற்கு ஒரு சோடி உண்டு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைப் பார்க்க அமர்த்தப்பட்ட பொறியியலாளர் ஒருவருக்கு, 2010ஆம் ஆண்டு, 20 வருட சேவைக்காக நினைவுச் சின்னம் கொடுக்க நகரசபை ஆயத்தம் செய்தது. ஆளைத் தேடினார்கள். குறைந்தது 6 ஆண்டுகளாக அவரை வேலையில் கண்டவர் இல்லை! நகரசபை, அவரைத் தண்ணீர்க் கம்பனி மேற்பார்வை செய்கிறது என்று இருந்தது. தண்ணீர்க் கம்பனி, அவர் நகரசபையின் ஆள் என்று இருந்தது. செய்வதற்கு வேலையே தரப்படவில்லை என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் 27,000 யூரோ தண்டம் விதித்தது. 2016இல் செய்தி வெளியானது. இந்தியாவின் மத்திய பொதுப்பணித் துறையில் 1990 டிசம்பரில் விடுமுறையில் போய்த் திரும்பி வராத ஒரு பொறியாளரை வேலையிலிருந்து நீக்க 2015 ஜனவரி ஆயிற்று.

இரண்டு பேர் பார்க்கவேண்டிய இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. கணக்காய்வில் இது அரிச்சுவடி. ஆனால் இதை முதலில் அளந்து காட்டியவர் கணக்காளர் அல்ல, ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர். ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அவர் எடுத்த அளவுகள் 1913இல் வெளிவந்தன. ஒருவர் தனியே இழுக்கும் பலம் 100 என்றால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93 ஆகிறது. மூவர் என்றால் 85. எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 49. அதாவது எட்டுப் பேர் பிடித்த கயிற்றில் நாலு பேரின் பலந்தான் இருக்கிறது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் ஒரு காரணம். அது மட்டுமா என்று அறிய, 1974இல் அமெரிக்காவில் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்துத் தனியே இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனியாக அளக்கப்படும் என்று தெரிந்தால் இந்தக் குறைவு மறைந்துவிடும் என்று 1981இல் இன்னொரு ஆய்வு காட்டியது.

(தேர் வடத்தை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு மற்றக் கையால் படம் எடுப்பவர்களை நினைத்து நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அது பக்திக் கணக்கு. அதற்குக் கணக்காய்வாளர் வேறு ஆள்.)

இனிச் சட்டம். ஏர்ஃபுர்ட் நகரிலுள்ள மத்திய தொழில் நீதிமன்றம் 2011 ஜூன் 9ஆம் திகதி ஒரு தீர்ப்பு வழங்கியது. வேலை தொடங்கும் நேரத்தை ஊழியர்கள் தாமே பதியும் ஓரிடத்தில், பல ஆண்டுகள் வேலை செய்த ஒரு பெண், ஏழு நாட்களில் தாம் வந்த நேரத்தை முன்தள்ளிப் பதிந்திருந்தார். ஒவ்வொரு நாளும் குறைந்தது 13 நிமிடம். எல்லாம் கூட்டினால் 135 நிமிடம். முன்னறிவித்தல் காலம்கூட இல்லாமல் அவரை நீக்கியது செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

மென்டன் ஊழியர் 14 ஆண்டு சும்மா இருந்து முறைப்படி ஓய்வு பெற்றார். இந்தப் பெண் இரண்டேகால் மணித்தியாலத்துக்கு வேலையை இழந்தார். அநியாயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. பிறகுதான் விளங்கியது, நீதிமன்றம் எண்ணியது நிமிடங்களை அல்ல. செய்யாததைச் செய்ததாக அவர் தம் கையால் பதிந்திருந்தார். சம்பளம் கொடுப்பவர் அந்தப் பதிவை நம்பவேண்டியிருந்தது.

இதை நான் நன்றாக விளங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

நான் 2009இல் இங்கு வந்தவன். யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம்; இங்கே முதல் வருடங்களில் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். அந்த வேலையில் கள்ளம் செய்யவே முடியாது. தட்டுகள் குவிந்து காட்டிக்கொடுத்துவிடும். டொச் படித்து, இங்குள்ள பரீட்சைகளும் எழுதி, ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் சேர்ந்தேன். வழங்குநர்கள் அனுப்பும் பற்றுச்சீட்டுகளைப் பதிவது என் வேலை. 2019இல் புதிய மென்பொருள் வந்தது. அது பற்றுச்சீட்டைத் தானே வாசித்துத் தானே பதியும். எட்டு மணித்தியால வேலை மூன்று மணித்தியாலமாகச் சுருங்கியது.

வேலை குறைந்துவிட்டது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நிரந்தர வதிவிட அனுமதிக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். வெளிநாட்டவர் பணியகம் சம்பளத் துண்டுகளைக் கேட்டிருந்தது. வேலை இல்லை என்று நானே போய்ச் சொன்னால், முதலில் வெட்டப்படும் பெயர் எது என்று நினைத்துப் பாருங்கள். 'வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு' என்பார்கள். எனக்கு விசாச் சாட்டு. ஆனால் பயம் பொய்யல்ல. எம்மவர் பலர் இதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்கள்.

எனக்கு மிஞ்சிய வேலைகளில் முக்கியமானது ஒரு பட்டியல். ஒரே வழங்குநர், ஒரே தொகை, வேறு இலக்கம் என்று சந்தேகப்படும் பற்றுச்சீட்டுகளைக் கணினி கிழமைதோறும் அச்சிட்டுத் தரும். நான் ஒவ்வொன்றையும் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுச் சரி போட்டுக் கையொப்பம் இடவேண்டும். முதல் சில கிழமைகள் ஒப்பிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு மேலோட்டமாகப் பார்த்தேன். பிறகு பார்க்காமலே சரி போட்டேன். நேரம் இல்லாமல் அல்ல. நேரம் நிறைய இருந்தது. நாள் முழுக்கச் செய்தி வாசித்துக்கொண்டு, ஆள் வரும் சத்தம் கேட்டால் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். களைப்பு மட்டும் பாத்திரம் கழுவிய நாட்களைவிட அதிகம். 19 கிழமைகள். ஒருவரும் கவனிக்கவில்லை.

இருபதாவது கிழமை, ஒரு பற்றுச்சீட்டுக்கு இரண்டு முறை பணம் போயிருப்பது தெரியவந்தது. 8,640 யூரோ. எங்கள் பகுதியில் பயிற்சிக்கு வந்த 19 வயதுப் பிள்ளை, கணினியால் வாசிக்க முடியாத ஒரு பிரதியைக் கையால் பதியும்போது, இலக்கத்தில் சுழியத்துக்குப் பதிலாக ஓ எழுத்தைத் தட்டியிருந்தார். கணினி அதைப் புதிய பற்றுச்சீட்டு என்று எடுத்துக்கொண்டது. பகுதித் தலைவர் அந்தப் பிள்ளையை அழைத்து, கவனமாக வேலை செய்யத் தெரியாதவர் கணக்குத் துறைக்குப் பொருத்தமா என்று யோசிக்கவேண்டும் என்றார். அவர் கோப்பி அறையில் நின்று அழுததைக் கண்டேன். பட்டியல் கோவையை எடுத்துப் பார்த்தேன். கணினி அதைக் கண்டுபிடித்துப் பட்டியலில் போட்டிருந்தது, ஏழாவது வரியில். பக்கத்தில் என் சரி. கீழே என் கையொப்பம்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஓரிரவு இருந்தேன். அதை எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கோவையைத் திறப்பவன் நான் ஒருவன்தான். மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு எங்கட மூத்தவளின்ர வயதெல்லோ வரப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார்.

காலையில் தாளைக் கொண்டுபோய்த் தலைவரின் மேசையில் வைத்தேன். 19 கிழமைகளையும் சொன்னேன். அவர் கோபித்தது அந்த 8,640 யூரோவுக்காக அல்ல. வழங்குநர் அதைத் திருப்பித் தர ஏற்கெனவே சம்மதித்திருந்தார். "வேலை இல்லை என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை? மற்றப் பகுதிக்கு ஆள் தேடி விளம்பரம் போட்டிருக்கிறேனே!" என்றார். அந்த விளம்பரத்தை நானும் கண்டிருந்தேன். அந்தக் கிழமையே அப்மானுங் எனும் எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. சட்டப்படி அதைவிடக் கடுமையாகவும் நடந்திருக்கலாம் என்பதை மேலே சொன்ன தீர்ப்பை வாசித்த பின் அறிந்தேன். பயிற்சிப் பிள்ளையிடம் தலைவர் வருத்தம் தெரிவித்தார். நானும் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். பரீட்சை முடிந்து போகும்வரை என்னோடு அளவாகத்தான் கதைத்தார்.

எனக்கு அன்று தெரிந்திருக்கவேண்டியவை, இன்று இளையோர் தெரிந்துகொள்ளவேண்டியவை சில. உழைக்கத் தயாராக நிற்கும் ஊழியருக்கு வேலை கொடுக்காமல் இருப்பது முதலாளியின் பொறுப்பு. சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். ஜேர்மன் சிவில் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு இது. மென்டன் ஊழியர் தமது உழைப்பைக் கொடுக்கத் தயாராக இருந்ததாகச் சொன்னது வெறும் பேச்சு அல்ல, சட்டம் தெரிந்த பேச்சு. சம்பளம் மட்டுமன்றி, செய்வதற்கு உண்மையான வேலையையும் கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு என்பதை மத்திய தொழில் நீதிமன்றம் 1955ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஆகவே வேலை குறைந்தால் மேலதிகாரிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள்: இன்ன திகதியிலிருந்து எனக்கு இவ்வளவு நேரம் மிஞ்சுகிறது, என்ன செய்யவேண்டும்? ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப எழுதுங்கள். பெத்ரீப்ஸ்ராட் எனும் ஊழியர் குழு உள்ள இடமானால் அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் முடிந்த பின்னரே பொருந்தும். பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது. பரீட்சார்த்த காலத்தில் வழமையாக இரண்டு கிழமை அறிவித்தலோடு நிறுத்தலாம். நிறுத்தல் கடிதம் கைக்கு வந்தால், வழக்குப் போட 3 கிழமைகள்தான். கடிதத்தைச் சாமியறையில் வைத்துவிட்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்த வகுப்புக்கு வரும் இளையோர் தங்கள் வேலை ஒப்பந்தத்தின் பிரதியைக் கொண்டுவரவும். பெயரையும் சம்பளத் தொகையையும் மறைத்துக்கொண்டு வந்தாலும் போதும். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை கட்டாயம் வரவேண்டும். என் பதில் 19 கிழமைகள்.